தீர்மானம் எடுத்து முடிந்த பிறகு இன்னும் எத்தனை காலத்திற்கு மகஜர் கொடுப்பது?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுமையாக வாசித்துவிட்டு ஏசுங்கள், பாதியில் ஏசாதீர்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வந்து, ஊரில் பெனர் கட்டும் வேலையும் முடிந்துவிட்டது. சந்தியில் மருத்துவம், பள்ளிவாசல் மதிலில் பொறியியல், பாடசாலை கேற்றில் இரண்டும். மாஷா அல்லாஹ். அந்தப் பிள்ளைகளுக்கு நாமும்தான் படிப்பித்தோம். அந்தச் சந்தோஷத்தில் எமக்கும் பங்கிருக்கிறது.

அதே பெறுபேற்றில் கலைப்பிரிவில் நன்றாகச் செய்த ஒரு பிள்ளையும் இருக்கிறாள். அவளுக்குப் பெனர் இல்லை. போன கிழமை அவளுடைய வாப்பா ஆசிரியர் அறைக்கு வந்து, கதிரை நுனியில் இருந்துகொண்டு கேட்டார்:

"சேர், மகள் கெம்பசுக்குப் போய் பொதுக் கொள்கையாம், ஆய்வு முறையாம், அதத்தான் படிக்கப் போறாளாம். அதப் படிச்சி என்ன சேர் செய்ற? ஊராக்கள் கேட்டா நான் என்னண்டு செல்ற?"

நாம் நாலைந்து பேர் இருந்தோம். ஒருவர் "டீச்சிங் எடுக்கலாம்" என்றார். இன்னொருவர் "எஸ்.எல்.ஏ.எஸ். சோதினை எழுதலாம்" என்றார். அவர் தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போனார். அன்று நாம் கொடுத்தது பதிலே அல்ல. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது ஊருக்கே சொல்கிறோம்.

அரசாங்கம் எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று எடுக்கும் தீர்மானம்தான் பொதுக் கொள்கை. தோமஸ் டை என்ற அமெரிக்க அறிஞர் ஏறக்குறைய இப்படித்தான் விளக்கம் கொடுத்தார். செய்யாமல் விடுவதும் கொள்கைதான் என்பதைக் கவனியுங்கள். அந்தத் தீர்மானம் ஏன் வந்தது, யார் எடுத்தார்கள், எந்தத் தரவை வைத்து எடுத்தார்கள், யாருக்கு நன்மை, யாருக்குப் பாதிப்பு, வேறு வழி இருந்ததா என்று தேடிப் பார்ப்பதுதான் அந்தப் பிள்ளை படிக்கப்போகும் படிப்பு. அதைத் தேடும் ஒழுங்குக்குப் பெயர்தான் ஆய்வு முறை.

இது எமக்குத் தேவையில்லாத படிப்பு என்று நினைப்பவர்கள் 2021ஆம் ஆண்டை யோசித்துப் பாருங்கள். மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை வந்தது. படிப்படியாகச் செய்து பார்க்கவில்லை. முழு நாட்டுக்கும் ஒரே வர்த்தமானி. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்கிடையில் எமது வயல்காரர்கள் பட்டபாடு உங்களுக்குத் தெரியும். அங்கே தமிழ், சிங்களம், முஸ்லிம் என்ற வேறுபாடு இருக்கவில்லை. ஒரு பிழையான கொள்கை, அம்பாறை மாவட்டத்தில் நெல் விதைத்த எல்லோர் வீட்டுச் சோற்றுப் பானையையும் தட்டிப் பார்த்தது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். 2004 டிசம்பர் 26. அதற்குப் பிறகு அரசாங்கம் கடலோரத்தில் வீடு கட்டக்கூடாத எல்லை ஒன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கொழும்பில் இருந்து பார்த்தால் பாதுகாப்பான, நியாயமான ஒரு எண். மருதமுனையில், கல்முனைக்குடியில், சாய்ந்தமருதில் இருந்து பார்த்தால்? கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒடுங்கிய ஒரு நிலத் துண்டு. அதில் வீட்டுக்கு வீடு மதிலோடு மதில். 200 மீற்றரை வெட்டினால் ஆட்களைக் கொண்டுபோய்க் குடியேற்ற வேறு காணி இல்லை. சனம் ஐதாக வாழும் கரைக்கும் சனம் நெருங்கி வாழும் கரைக்கும் ஒரே நூல் பிடித்தால் வரும் வினை இது. பிறகு அந்த எல்லை தளர்த்தப்பட்டது. ஆனால் அதுவரைக்கும் கூடாரத்தில் இருந்தவர்கள் கூடாரத்திலேயே இருந்தார்கள்.

அந்த நேரத்தில் நாம் என்ன செய்தோம்? கூட்டம் வைத்தோம். பேசினோம். அழுதோம். மகஜர் கொடுத்தோம். "எங்களுக்கு அநியாயம் நடக்கிறது" என்று எழுதினோம். ஒரு சதுரக் கிலோமீற்றரில் எத்தனை குடும்பம், 200 மீற்றருக்குள் எத்தனை வீடு, மாற்றுக் காணி எங்கே, எத்தனை ஏக்கர் என்று ஒரு பக்கத்தில் அட்டவணை போட்டு மேசையில் வைக்க எம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? அநியாயம் என்ற சொல்லை எந்த அதிகாரியும் கோப்பில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். அட்டவணைக்கு அவர் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்கரைப்பற்று நுரைச்சோலை வீடுகளைப் பாருங்கள். சவூதி அரேபியாவின் உதவியில் சுனாமியால் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்கென்று கட்டிய 500 வீடுகள். வீட்டை எந்த அடிப்படையில் பகிர்வது என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. எல்லா இனத்தவருக்கும் விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வீடுகள் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்து காடு பற்றின. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறோம். ஆளுக்கொரு அரசியல்வாதியின் பெயரைச் சொல்லி ஏசுகிறோம். ஆனால் பயனாளி யார் என்று தெரிவு செய்யும் அளவுகோல் ஒன்றை ஆரம்பத்திலேயே, எவரும் கேள்வி கேட்க முடியாதபடி எப்படி எழுதுவது? இது ஒரு பாடம். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்கள். நாம் அந்தப் பாடத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப வெட்கப்படுகிறோம்.

ஒரு சொல்லுக்கு எப்படி வரைவிலக்கணம் கொடுப்பது என்பதும் இந்தப் படிப்பில் வரும். சின்ன விடயமாகத் தெரியும். புத்தளத்தில் இருக்கும் எமது வடபுலத்துச் சகோதரர்களிடம் கேட்டுப் பாருங்கள், அது சின்ன விடயமா என்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வடக்கில் இருந்து வெளியேற்றினார்கள். யுத்தம் முடிந்து மீள்குடியேற்றம் என்று வந்தபோது இடம்பெயர்ந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 2008 ஏப்ரலுக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்கள் "புதியவர்கள்", அதற்கு முந்தியவர்கள் "பழையவர்கள்". உதவியில் முன்னுரிமை புதியவர்களுக்கு. யுத்தத்தின் கடைசி மாதங்களில் சிக்கி வந்த அந்த மக்களின் தேவை உண்மையானது, அதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "பழைய" என்ற ஒரு சொல்லுக்குள் இருபது வருடத் துன்பம் அடங்கிப் போனது. இன்னொன்று: 1990இல் ஒரு குடும்பமாக வந்தவர்கள் இருபது வருடத்தில் மூன்று, நாலு குடும்பமாகிவிட்டார்கள். எதை ஒரு குடும்பம் என்று எண்ணுவது? காணியும் வீடும் அந்த எண்ணிக்கையில்தான் தங்கியிருந்தது. எண்ணும் அலகை யார் தீர்மானிக்கிறாரோ அவர்தான் யாருக்கு வீடு என்பதையும் தீர்மானிக்கிறார்.

அந்த வெளியேற்றத்தைப் பற்றிப் பிரஜைகள் ஆணைக்குழு ஒன்று மக்களிடம் நேரடியாகச் சாட்சியம் எடுத்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. இருபத்தோரு வருடங்களுக்குப் பிறகு. அந்த மாதிரி வேலை 1991இலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் எமது ஆதங்கம்.

இப்போது உங்களில் பலர் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். "சேர், ஆய்வைக் காட்டினா மட்டும் கேக்கவா போறானுகள்? ஜனாஸா விசயத்துல என்ன நடந்த?"

நியாயமான கேள்வி. இதைத் தாண்டிப் போனால் நாம் எழுதிய எல்லாம் வீண். ஆகவே இதில் கொஞ்சம் நிற்போம்.

2020 மார்ச் மாதமே உலக சுகாதார ஸ்தாபனம், கொவிட் தொற்றால் இறந்தவர்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று வழிகாட்டல் வெளியிட்டது. அடுத்த மாதம் 11ஆம் திகதி, எரிக்கத்தான் வேண்டும் என்று இங்கே வர்த்தமானி வந்தது. நிலத்தடி நீருக்குள் வைரஸ் போகும் என்றார்கள். நீதிமன்றம் போனோம். டிசம்பர் முதலாம் திகதி மனுக்கள் விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியாகின. பிறந்து இருபது நாளான பாலகனையும் எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கம் செய்யலாம் என்று சொன்னது. அப்போதும் வர்த்தமானி மாறவில்லை. பெப்ரவரி கடைசியில்தான் மாறியது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

ஆக, விஞ்ஞானம் ஆரம்பத்தில் இருந்தே எம் பக்கம் இருந்தது. அப்படியிருந்தும் பதினொரு மாதம் எரித்தார்கள். உண்மை. ஆதாரம் இருந்தால் அரசாங்கம் தானாகக் கேட்கும் என்று எந்தப் பேராசிரியராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் இந்தப் படிப்பும் அப்படிச் சொல்லவில்லை. ஜோன் கிங்டன் என்பவர் 1984இல் எழுதிய நூல் ஒன்று கொள்கைக் கற்கையில் எல்லோரும் படிப்பது. அவர் சொல்வதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: பிரச்சினை ஒரு ஓட்டம், தீர்வு இன்னொரு ஓட்டம், அரசியல் மூன்றாவது ஓட்டம். மூன்றும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். எப்போதாவது ஒரு நேரத்தில் மூன்றும் சேரும்போது ஒரு யன்னல் திறக்கும். கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். அந்த நேரத்தில் கையில் தயாரான தீர்வோடு நிற்பவனுக்குத்தான் காரியம் நடக்கும்.

2021 பெப்ரவரியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையின் கூட்டத்தொடர் தொடங்கியிருந்தது. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் இங்கே வந்து போனார். அரசாங்கத்துக்கு முஸ்லிம் நாடுகளின் வாக்குத் தேவைப்பட்டது. யன்னல் திறந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது: எங்கே அடக்குவது? முதலில் இரணைதீவு என்றார்கள். அங்குள்ள மக்களிடம் கேட்காமலே அறிவித்தார்கள், அவர்கள் எதிர்த்தார்கள், அதில் பிழையில்லை. சில நாட்களில் ஓட்டமாவடி மஜ்மா நகர் என்று முடிவானது. எந்த நிலம், நிலத்தடி நீர் எத்தனை அடியில், அயலில் யார் வாழ்கிறார்கள், அவர்களுடைய சம்மதம் என்ன, எந்தப் பாதையால் கொண்டுபோவது? இவ்வளவும்தான் கொள்கை ஆய்வு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இப்படி ஒரு கோவையை முதல் மாதமே நாம் தயாரித்து வைத்திருந்தால் யன்னல் ஒருநாள் முந்தித் திறந்திருக்குமா? சொல்ல முடியாது. திறந்த அன்று மன்னாரில் இருந்தும் காலியில் இருந்தும் கண்டியில் இருந்தும் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாவடிக்கு ஓட வேண்டி வந்திருக்காது என்று வாதாடவாவது கையில் ஏதாவது இருந்திருக்கும்.

சரி, தேசியப் பிரச்சினைகளை விடுவோம். எமது ஊருக்குள் வாருங்கள்.

"இப்ப பொடியன்மார் ஓ.எல்.லோட நிக்கிறானுகள், எல்லாத்துக்கும் ஃபோன்தான் காரணம்." ஜும்ஆவில் கேட்கிறோம், கலியாண வீட்டில் கேட்கிறோம், தேநீர்க் கடையில் கேட்கிறோம். ஒருவர் போதைவஸ்து என்கிறார். ஒருவர் டியூட்டரி என்கிறார். ஒருவர் நேராக எம்மைப் பார்த்து "வாத்திமார்" என்கிறார். யார் சரி?

ஆய்வு முறை படித்த பிள்ளை இதை எப்படிப் பார்க்கும் தெரியுமா? முதலில் ஆறாம் ஆண்டில் சேர்ந்தவர்களின் சேர்வு இடாப்பை எடுக்கும். அதே தொகுதிப் பிள்ளைகள் ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் சாதாரண தரம் எழுதினார்கள் என்று பார்க்கும். விடுகைப் பத்திரம் எடுத்து வேறு பாடசாலைக்குப் போனவர்களைக் கழிக்கும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பிரிக்கும். வாப்பா கடலுக்குப் போகும் வீடு, வயல் வீடு, வெளிநாட்டு வீடு, கடை வீடு என்று பிரிக்கும். பிறகு இடைவிலகிய பிள்ளைகளின் வீட்டுக்கே போகும். இதுதான் முக்கியம். வகுப்பில் இருக்கும் பிள்ளையிடம் போய் "ஏன் மற்றவன் வரவில்லை" என்று கேட்டு எழுதுவது ஆய்வாகாது. வராதவனைத்தான் தேட வேண்டும். அவன் ஃபோனால் நின்றானா, உம்மா மத்திய கிழக்குக்குப் போனதால் நின்றானா, எட்டாம் ஆண்டிலேயே வாசிக்கத் தெரியாமல் வெட்கத்தில் நின்றானா என்று அங்கேதான் தெரியும். காரணம் வேறாக இருந்தால் மருந்தும் வேறு. ஃபோனைப் பறிப்பதால் வாசிப்பு வராது.

இந்த இடாப்புகள் எல்லாம் எமது அலுமாரியில் தூசு பிடித்துக் கிடக்கின்றன. இத்தனை வருடம் நாமும் திறந்து பார்க்கவில்லை. இதை முதலில் ஒத்துக்கொள்கிறோம்.

ஒத்துக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. மைக்கேல் லிப்ஸ்கி என்ற அறிஞர் 1980இல் ஒரு கருத்தைச் சொன்னார். கொள்கையைக் கடைசியில் செய்வது மந்திரி இல்லை, மக்களுக்கு முன்னால் நிற்கும் ஆசிரியர், பொலிஸ்காரர் போன்ற கீழ்மட்ட உத்தியோகத்தர்தான் என்றார். எமது பாஷையில் கிராம சேவகர், குடும்ப நல உத்தியோகத்தர், நாம். உண்மைதான். "நீ கணக்குல வீக், உனக்கு ஆர்ட்ஸ்தான் சரி" என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்! அப்படிச் சொல்லிச் சொல்லியே கலைப்பிரிவு என்றால் தோற்றவர்களின் வகுப்பு என்று ஒரு கொள்கையை இந்த ஊரில் நாமே நடைமுறைப்படுத்திவிட்டோம். எந்தச் சுற்றறிக்கையிலும் அப்படி இல்லை. அதுவும் கணக்குத் தெரியாதவர்களின் துறை இது என்பது சுத்தப் பிழை. மாதிரி எடுப்பு, சராசரி, வீதம், ஒப்பீடு எல்லாம் வேண்டும்.

பல்கலைக்கழகம் போகும் எமது பிள்ளைகளும் கோபிக்கக்கூடாது. இறுதி வருட ஆய்வுக் கட்டுரையை எப்படிச் செய்கிறீர்கள் என்று எமக்குத் தெரியும். போன வருட அக்காவின் கட்டுரையில் ஊர்ப் பெயரை மாற்றுவது. ஐம்பது வினாக்கொத்தை விடுதியில் கூட்டாளிமாருக்குக் கொடுத்து ஒரே இரவில் நிரப்புவது. முடிவுரையில் "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று எழுதி பைண்டிங் பண்ணுவது. இதற்குப் பட்டம் கிடைக்கலாம். ஊருக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. பொய்த் தரவை வைத்து நியாயம் கேட்கப் போனால் எதிரே இருப்பவன் ஒரு கேள்வியில் உடைத்துவிடுவான். பிறகு உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டான்.

மொழியும் இருக்கிறது. சுற்றறிக்கையும் அமைச்சரவைப் பத்திரமும் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் முதலில் கைக்கு வரும். தமிழில் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தால் தீர்மானம் முடிந்துவிடும். இந்தத் துறைக்குப் போகும் பிள்ளை சிங்களம் வாசிக்கப் பழக வேண்டும். வேறு வழியில்லை.

எமது தலைமைகளுக்கும் ஒரு வார்த்தை. மந்திரியைச் சந்திக்கப் போகும் தூதுக்குழுவில் யார் போகிறார்கள்? நம்பிக்கையாளர் சபைத் தலைவர், வர்த்தகர், ஒரு மௌலவி, ஒரு டொக்டர், படம் எடுக்க ஒரு பொடியன். எல்லோரும் மரியாதைக்குரியவர்கள். ஆனால் மந்திரியின் செயலாளர் "எத்தனை பேருக்குப் பாதிப்பு, எந்த வருடக் கணக்கு, யார் எடுத்தது" என்று கேட்டால் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு படம் மட்டும் முகநூலுக்கு வரும். நாமும் லைக் போடுவோம்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை.

ஒன்று. அடுத்த முறை பெனர் கட்டினால் எல்லாப் பிரிவுக்கும் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒருவருக்கும் கட்டாதீர்கள்.

இரண்டு. இந்த வருடம் இறுதி ஆண்டில் இருக்கும் எமது ஊர்ப் பிள்ளைகள், ஆண், பெண் இருபாலாரும், தலைப்பை ஊரில் இருந்து எடுங்கள். இடைவிலகல், குப்பை, யானை, கடலரிப்பு, வட்டிக்கடன். இடாப்பைத் திறந்து தர அதிபரிடம் அனுமதி கேட்டுத் தருவது எமது பொறுப்பு. பிள்ளைகளின் பெயர் வெளியே வராது என்ற நிபந்தனையோடு.

மூன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரதேச சபை ஒரு வீதிக்கு எவ்வளவு செலவழித்தது என்று எந்தப் பிரஜையும் தமிழில் எழுதிக் கேட்கலாம். தருவதா, மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் அறிவிக்க வேண்டும். உயர்தர அரசியல் விஞ்ஞான வகுப்பில் இந்தத் தவணை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விண்ணப்பம் எழுதப் பழகும். நாம் பழக்குவோம், இன்ஷா அல்லாஹ்.

நான்கு. தூதுக்குழுவில் ஒரு கதிரையைத் தரவு தெரிந்த ஒருவருக்கு விடுங்கள். அவர் இளையவராக இருக்கலாம். பெண்ணாக இருக்கலாம். பரவாயில்லை.

இனி அந்த வாப்பாவுக்கு.

உங்கள் மகள் படித்து முடித்தால் உடனே பெரிய சம்பளம் கிடைக்கும் என்று பொய் சொல்லமாட்டோம். திட்டமிடல் சேவை, நிர்வாக சேவை என்று பரீட்சைகள் இருக்கின்றன, போட்டியும் இருக்கிறது. ஆய்வு நிறுவனங்களிலும் பத்திரிகைத் துறையிலும் வேலை இருக்கிறது, அதுவும் இலேசில் கிடைக்காது. ஆனால் ஊராக்கள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: டொக்டர் வருத்தம் வந்த பிறகு பார்ப்பார், சட்டத்தரணி வழக்கு வந்த பிறகு பார்ப்பார், என்ட மகள் ஊருக்கு என்ன வரப்போகுது என்று முந்திப் பார்க்கப் படிக்கிறாள்.

அவளை அனுப்புங்கள். பஸ்ஸுக்கு நாமும் வந்து நிற்கிறோம்.

ஏசுபவர்கள் இப்போது ஏசலாம். ஒரு வேண்டுகோள்: கொமண்டில் ஒரு எண்ணைச் சொன்னால், அது எந்த வருடக் கணக்கு, யார் எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.

வஸ்ஸலாம்.